650ஆம் புலத்தில் நமது பெயர்: நூலகப் பட்டியல் தரங்களும் தலித் நூல்களும்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிவரும் பொருள் தலைப்புகளின் தொகுப்பில், தலித் மக்களைப் பற்றிய நூல்கள் நெடுங்காலம் ‘தீண்டத்தகாதோர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின்கீழ் வைக்கப்பட்டிருந்தன. விடுதலையைப் பேசும் நூலானாலும், ஊருக்கு வந்து சில மாதங்கள் தங்கிச் சென்ற மானிடவியலாளரின் நூலானாலும் தலைப்பு ஒன்றுதான். பின்னர் அது ‘தலித்துகள்’ என மாற்றப்பட்டது. பழைய சொல் இன்று வழிகாட்டுக் குறிப்பாக மட்டுமே நிற்கிறது. இந்த மாற்றத்தை வரவேற்கிறோம். ஆனால் இத்தகைய மாற்றம் எந்த வழியாக நிகழ்கிறது, நிகழ்ந்த பின்னரும் ஒரு கல்லூரி நூலகத்தின் கணினித் திரையில் பழைய சொல் ஏன் தங்கிவிடுகிறது என்பவற்றை அறிய வேண்டுமெனில், ‘மார்க்’ எனப்படும் பட்டியல் தரத்தின் உள்ளமைப்பைச் சற்றுத் திறந்து பார்த்தாக வேண்டும்.

மார்க் என்பது ‘இயந்திரத்தால் படிக்கத்தக்க பட்டியலாக்கம்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். (தேர்வில் வாங்கும் மார்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காங்கிரஸ் நூலகம் பட்டியல் அட்டைகளை அச்சிட்டுப் பிற நூலகங்களுக்கு விற்றுவந்தது. அந்த அட்டையில் உள்ள செய்திகளைக் கணினி புரிந்துகொள்ளும் வகையில் எழுதுவது எப்படி என்ற கேள்வி 1960களில் எழுந்தது. நூலகவியல் பயிலாத கணினி நிரலரான ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணி இதற்கு விடை கண்டார். 1966 முதல் 1968 வரை 16 நூலகங்களுடன் முன்னோட்டம் நடந்தது. 1969இல் காந்த நாடாக்களில் பதிவுகளை அனுப்பும் பணி தொடங்கியது. 1973இல் இதன் கட்டமைப்பு ஐஎஸ்ஓ 2709 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அமெரிக்க வடிவமும் கனடிய வடிவமும் 1999இல் இணைந்து ‘மார்க் 21’ உருவாயிற்று. இதற்கு மாற்றாகப் புதிய வடிவமொன்றைக் காங்கிரஸ் நூலகமே வளர்த்துவந்தபோதிலும், உலகின் பெரும்பாலான நூலகங்களில் இன்றும் இயங்குவது மார்க்தான். இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்காக இன்ஃப்லிப்நெட் உருவாக்கிய ‘சோல்’ மென்பொருளும், நியூசிலாந்தில் பிறந்து இங்கே பரவலாகப் பயன்படும் ‘கோஹா’ என்ற கட்டற்ற மென்பொருளும் மார்க் 21 பதிவுகளைக் கையாள்கின்றன.

ஆகவே, நூலகத்துக் கணினியில் ஒரு நூலைத் தேடும் ஒவ்வொரு முறையும் நாம் இந்தத் தரத்தின் வழியாகத்தான் தேடுகிறோம்.

பதிவின் உள்ளே

மார்க் பதிவு ஒன்று பல புலங்களால் ஆனது. ஒவ்வொரு புலத்திற்கும் மூன்று இலக்க எண் உண்டு. 100 என்றால் நூலாசிரியர். 245 என்றால் நூலின் தலைப்பு. 264 என்றால் பதிப்பு விவரம். 082 என்றால் டூயி தசமப் பகுப்பு எண். 650 என்றால் நூல் எதைப் பற்றியது என்பதைக் கூறும் பொருள் தலைப்பு. பாமாவின் ‘கருக்கு’ நூலுக்கு ஒரு பட்டியலாளர் பதிவு எழுதுவதாகக் கொள்வோம். சுருக்கமாக அது இப்படி இருக்கலாம்:

100 – பாமா
245 – கருக்கு
264 – 1992
650 – தலித்துகள் – இந்தியா – தமிழ்நாடு

பார்ப்பதற்கு எளிய செய்திகள். ஆனால் திரையில் தெரியாத 008 என்னும் புலம் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பொருள் உண்டு. நூல்களைப் பொறுத்தவரை 33ஆம் இடம் இலக்கிய வடிவைக் குறிக்கும்: புனைவு, புனைவல்லாதது, நாவல், சிறுகதை, கவிதை என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அல்லது எண். 34ஆம் இடம் அது வாழ்க்கை வரலாறா என்பதைக் கூறும். தன்வரலாறு என்றால் அதற்கென ஒரு குறியீடு உண்டு. ‘கருக்கு’ தன்வரலாறா, நாவலா என்ற விவாதம் தமிழில் நடந்ததை வாசகர்கள் அறிவர். பட்டியலாளர் அந்த விவாதத்திற்காகக் காத்திருக்க முடியாது. அவர் ஓர் எழுத்தைத் தட்டியாக வேண்டும். 33ஆம் இடத்தில் நாவல் என்று குறித்துவிட்டால், புனைவல்லாத நூல்களை மட்டும் வடிகட்டித் தேடும் ஆய்வு மாணவருக்கு அந்நூல் தென்படாது. சாதிக் கொடுமையைத் தன் வாழ்விலிருந்து சாட்சியமாக எழுதியவரின் நூல் ‘கற்பனை’ என்ற பெட்டிக்குள் போய்விடுகிறது. நீதிமன்றத்தில் சாட்சியத்தைக் கதை என்று தள்ளிவிடும் குறுக்கு விசாரணைகளைக் கண்டு பழகிய எமக்கு இந்த ஒற்றை எழுத்தின் கனம் நன்றாகவே தெரியும்.

082 புலத்திற்கும் இதே நிலைதான். தமிழ் இலக்கியத்திற்கு டூயி பகுப்பில் 894.811 என்ற எண் உண்டு. தலித் மக்களைப் பற்றிய சமூகவியல் நூல்களுக்கு, சமூக வகுப்புகளுக்குரிய 305.5 பகுதியின்கீழ் வரும் 305.5688 என்ற எண் வழங்கப்படுவதை நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தில் காணலாம். எந்த எண் கிடைக்கிறதோ அந்த அலமாரிக்கு நூல் போகும். இலக்கிய அலமாரியில் கல்கிக்கும் ஜெயகாந்தனுக்கும் அருகில் இருக்க வேண்டிய எழுத்தாளர் ‘சமூகச் சிக்கல்’ அலமாரிக்கு அனுப்பப்படுவதும் நேரும். சாட்சியமாக வாசிக்கப்பட வேண்டியது கதைகளுக்கிடையே மறைந்துபோவதும் நேரும். இரண்டும் இழப்பே.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதை நமக்கு முன்பே எதிர்கொண்டனர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த டாரத்தி போர்ட்டர், டூயி முறையில் கறுப்பின மக்கள் தொடர்பான எந்த நூலும் குடியேற்றத்திற்குரிய 325இலோ, அடிமை முறைக்குரிய 326இலோதான் வைக்கப்படுவதைக் கண்டார். கவிதை நூலுக்குக்கூட அதே கதி. அவர் அந்த வழக்கத்தை ஏற்க மறுத்து, தம் தொகுப்பை நூலின் உண்மையான பொருளின்படி மாற்றியடுக்கினார். கணினி வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பு நடந்தது இது.

திருத்தம் ஏன் பரவுவதில்லை

பொருள் தலைப்புகள் பட்டியலாளர் விருப்பப்படி எழுதுபவை அல்ல. ஒவ்வொரு தலைப்பிற்கும் தனியே ஒரு ‘சான்றுப் பதிவு’ உண்டு. அதுவும் மார்க் வடிவில் அமைந்ததே. அதில் 150ஆம் புலம் ஏற்கப்பட்ட சொல்லைத் தாங்கும். 450ஆம் புலங்கள் ஏற்கப்படாத பிற சொற்களைத் தாங்கும். ஒருவர் அவற்றைத் தேடினால் 150இல் உள்ள சொல்லுக்கு வழிகாட்டப்படுவார். ஒரு சொல்லைத் திருத்துவது என்றால், நடைமுறையில், 150இல் இருந்ததை 450க்கு இறக்கி, 150இல் புதிய சொல்லை ஏற்றுவதாகும். பழைய சொல் அழிக்கப்படுவதில்லை. 1930களில் வெளியான நூலின் பெயரில் உள்ள சொல்லை நினைவில் வைத்துத் தேடும் ஆய்வாளருக்கும் வழி அடைபடுவதில்லை. ‘வரலாற்றை அழிக்கிறார்கள்’ என்று பெயர் மாற்றக் கோரிக்கைகளை எதிர்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டை அறிந்திருந்தால் அந்த வாதத்தை எடுத்திருக்க மாட்டார்கள்; அல்லது அறிந்தே எடுத்திருக்கலாம்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. மார்க் உருவானதன் நோக்கமே ஒருமுறை எழுதிய பதிவை ஓராயிரம் நூலகங்கள் நகலெடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒரு கல்லூரி நூலகர், நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டி, வேறொரு பெரிய நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்கிறார். நேரமும் உழைப்பும் மிச்சம், அதில் தவறேதுமில்லை. ஆனால் இறக்கிய அன்று 650இல் என்ன சொல் இருந்ததோ அந்தச் சொல் அப்படியே வந்து அமர்கிறது. பிற்காலத்தில் மூல நூலகம் சான்றுப் பதிவைத் திருத்தினாலும், நகலெடுத்த நூலகம் தன் பதிவுகளைச் சான்றுப் பதிவோடு இணைத்து வைத்திராவிட்டால் திருத்தம் வந்து சேராது. அப்படி இணைத்துப் பேணுவது தொடர்ச்சியான வேலை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். நூலகர் பணியிடமே நிரப்பப்படாத கல்லூரியில் அதை யார் செய்வது? இழிசொல் ஒரே நாளில் ஆயிரம் இடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திருத்தமோ ஒவ்வொரு நூலகத்தின் கதவையும் தனித்தனியே தட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லுக்காக ஏழாண்டுகள்

மூலப் பட்டியலில் ஒரு சொல்லை மாற்றுவதுகூட எளிதன்று. அமெரிக்க நூலகரான சான்ஃபோர்டு பெர்மன், ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று காங்கிரஸ் நூலகத் தலைப்பாக இருப்பதை, ஜாம்பியாவில் பணியாற்றியபோது அங்கிருந்தோர் சுட்டிக்காட்ட அறிந்தார். 1971இல் அவர் வெளியிட்ட நூல், யூதர், ஆசியர், பெண்கள் எனப் பல பிரிவினர் குறித்த தலைப்புகளில் படிந்திருந்த வெறுப்பை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியது. அவர் கோரிய மாற்றங்களுள் பல நடந்தன. ஆனால் பல ஆண்டுகள் கழித்தே நடந்தன.

நமக்கு அதிகம் பயன்படும் பாடம் அண்மையில் நடந்தது. அமெரிக்காவில் உரிய ஆவணங்களின்றிக் குடியேறியவர்களைப் பற்றிய நூல்கள் ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற பொருள்தரும் தலைப்பின்கீழ் இருந்தன. டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் தங்கள் நூலகர்களுடன் இணைந்து அத்தலைப்பை மாற்றக் கோரி 2014இல் விண்ணப்பித்தனர். முதலில் மறுக்கப்பட்டது. 2016 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம் மாணவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு மார்ச்சில் காங்கிரஸ் நூலகம் மாற்றத்திற்கு ஒப்புக்கொண்டது. உடனே நாடாளுமன்றத்தின் கீழவையில் குடியரசுக் கட்சியினர் நூலகத்திற்கான நிதி ஒதுக்கீட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாற்றத்தைத் தடுக்க முனைந்தனர். ஒரு நூலகப் பட்டியலில் ஒரு சொல் இருக்கலாமா கூடாதா என்பது நாட்டின் சட்டமன்றத்தில் பேசப்படும் பொருளாயிற்று. காங்கிரஸ் நூலகம் பின்வாங்கியது. 2021 நவம்பரில்தான் மாற்றம் அறிவிக்கப்பட்டது, அதுவும் அரைகுறையாக. மனிதர்களைக் குறிக்க ‘குடியுரிமையற்றோர்’ என்ற சொல் வந்தது. நிகழ்வைக் குறிக்கும் தலைப்பில் ‘சட்டவிரோத’ என்ற அடைமொழி நீடித்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் பல அமெரிக்க நூலகங்கள் காத்திருக்கவில்லை. தங்கள் திரையில் தெரியும் சொல்லைத் தாங்களே மாற்றிக்கொண்டன. மாணவர்கள் வெறும் கண்டனத்தோடு நில்லாமல், நூலகர்களின் துணையோடு, அந்த அமைப்பு ஏற்கும் வடிவிலேயே விண்ணப்பத்தை எழுதினார்கள் என்பதை நம் கல்லூரித் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த நூல்கள் புதிய சொல்லைப் பயன்படுத்துகின்றன, எந்தக் கலைக்களஞ்சியம் ஏற்றுள்ளது எனச் சான்று காட்டினார்கள். வழக்குரைஞர் மொழியில் சொன்னால், மனு நிலைநிற்கத்தக்கதாக இருந்தது.

‘தலித்’ தேடினால் ‘தலித்’ கிடைக்குமா?

பொருள் தலைப்பு மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நூலின் பெயரைக் கொண்டு தேடும்போது வேறொரு சுவர் எதிர்ப்படுகிறது. மார்க் பதிவுகள் தொடக்கத்தில் பயன்படுத்திய எழுத்துக் குறியீட்டு முறையில் இலத்தீன், சிரிலிக், அரபு, எபிரேயம், கிரேக்கம், கிழக்காசிய எழுத்துகள் ஆகியவற்றிற்கு இடம் இருந்தது. இந்திய எழுத்துகள் எவற்றிற்கும் இடம் இல்லை. ஒருங்குறி ஏற்கப்பட்ட பின்னரே தமிழ் எழுத்தை மார்க் பதிவில் எழுதும் வாய்ப்பு வந்தது; அதற்கென 880 என்னும் புலமும் உண்டு. அதுவரை, அமெரிக்க நூலகங்கள் வாங்கிய தமிழ் நூல்களின் பெயர்கள் உரோமன் எழுத்தில் மட்டுமே பதிவாயின. அந்தப் பழைய பதிவுகள் பல இன்றும் அவ்வாறே உள்ளன.

அந்த எழுத்துப்பெயர்ப்புக்கு அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் வகுத்த விதி உண்டு. தமிழ் எழுத்தை அதன் வடிவத்தின்படி பெயர்க்க வேண்டும், ஒலிப்பின்படி அன்று என்பது அதன் அடிப்படை. விளைவு என்ன? ‘தலித்’ என்ற சொல்லின் முதலெழுத்து ஆங்கில அகரவரிசையின் 4ஆம் எழுத்தில் தொடங்காமல் 20ஆம் எழுத்தில் தொடங்குகிறது. ‘பாமா’ 2ஆம் எழுத்துக்கு மாறாக 16ஆம் எழுத்தில் தொடங்குகிறார். ‘அம்பேத்கர்’ என்ற பெயரின் நடுவே உலகறிந்த ஆங்கில எழுத்துக்கூட்டல் மறைந்து, ‘ஆம்ப்பேட்கர்’ என்று படிக்கத்தோன்றும் ஓர் உருவம் வருகிறது. இந்தி, மராத்தி நூல்களின் தலைப்பிலோ அதே சொல் இறுதியில் ஓர் அகரம் ஏறி ‘தலித’ என்றாகிறது. ஆக, ஒரே இயக்கத்தின் ஒரே சொல், பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டல்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் ‘தலித்’ என்று தட்டித் தேடும் வெளிநாட்டு மாணவருக்கு ஆங்கில நூல்கள் கிடைக்கும். தமிழில் வெளிவந்த மூலநூல்கள் கிடைக்காமல் போகலாம். அவர் தமது ஆய்வேட்டில் ‘இது குறித்துத் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை’ என்று எழுதிவிட்டால் அவரை மட்டும் குறைகூறுவது எப்படி?

இந்த விதி தமிழுக்கு எதிரான சதி என்று நாம் கருதவில்லை. தமிழ் எழுத்துமுறையில் வல்லின எழுத்து ஒன்றே பல ஒலிகளைத் தாங்குவதால், எழுத்து மாறாமல் திரும்பப் பெறுவதற்கு வடிவவழிப் பெயர்ப்பே நம்பகமானது. ஆனால் ஒலிவழிச் சொல்லையும் மாற்றுத் தலைப்பாகச் சேர்க்க 246 என்னும் புலம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்குத் தேவை ஒரு வரி கூடுதல் உழைப்பு மட்டுமே.

ஆசிரியர் பெயர்களிலும் இச்சிதறல் உண்டு. பண்டிதர் அயோத்திதாசரை (1845–1914) எடுத்துக்கொள்வோம். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர் பெயர் ஆங்கிலத்தில் அயோத்தி தாஸ், ஐயோதி தாஸ், அயோத்தி தாஸ பண்டிதர், முன்னெழுத்தோடும் இல்லாமலும் என ஒவ்வொரு நூலில் ஒவ்வொரு விதமாக வருகிறது. இவை அனைத்தும் ஒருவரே என்று கணினிக்குச் சொல்ல வேண்டியது பெயர்ச் சான்றுப் பதிவு. அதன் 400ஆம் புலங்களில் இந்த வடிவங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டிருந்தால் எந்தப் பெயரைத் தட்டினாலும் எல்லா நூல்களும் திரளும். சேர்க்கப்படாத இடத்தில் அவர் மூன்று நான்கு வெவ்வேறு எழுத்தாளர்களாகப் பிரிந்து நிற்பார். மறக்கடிக்கப்பட்டுப் பின்னர் மீட்டெடுக்கப்பட்ட ஒரு சிந்தனையாளர் பட்டியலில் மீண்டும் சிதறிப்போவதை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எந்தச் சொல், எவருடைய சொல்

இந்தியாவில் பெயர்ச்சொல் பற்றிய வாதம் நீதிமன்றங்களையும் எட்டியுள்ளது. 2018இல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம், அரசு ஆவணங்களில் ‘தலித்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘பட்டியல் சாதி’ என்ற அரசமைப்புச் சொல்லைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. பம்பாய் உயர்நீதிமன்ற நாக்பூர் அமர்வின் ஆணையைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கும் இதே அறிவுரையை அனுப்பியது. இவை எதுவும் நூலகப் பட்டியல்களைப் பற்றியவை அல்ல. எனினும், அரசு நூலகம் ஒன்று தன் 650ஆம் புலத்தை மாற்றி எழுத இதைக் காரணம் காட்டும் நாள் வரக்கூடும் என்பதால், சட்ட நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

‘பட்டியல் சாதி’ என்பது அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் கூறின்படி குடியரசுத் தலைவர் வெளியிடும் ஆணையால் வரையறுக்கப்படும் சட்டப் பிரிவு. 1950ஆம் ஆண்டின் ஆணை இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அதன் பயனை வழங்குகிறது. தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இதற்குள் வரமாட்டார்கள். இப்போது ‘கருக்கு’ நூலுக்குத் திரும்புவோம். அது கத்தோலிக்க தலித் பெண் ஒருவரின் தன்வரலாறு. சேரிக்குள்ளும் மடத்திற்குள்ளும் தொடரும் சாதியை அது பேசுகிறது. ‘தலித்துகள்’ என்ற தலைப்பு அந்நூலை முழுமையாகத் தாங்கும். ‘பட்டியல் சாதியினர்’ என்ற தலைப்பை எழுதினால், நூலாசிரியரே அந்தப் பிரிவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்பதால் பதிவு பிழையாகிறது. இடஒதுக்கீடு பற்றிய நூலுக்குப் ‘பட்டியல் சாதியினர்’ சரியான தலைப்பு; விடுதலை இலக்கியத்திற்கு அது பொருந்தாது. இரண்டும் இருவேறு சொற்கள் என்பதைப் பட்டியல் காட்ட வேண்டும்.

‘ஹரிஜன்’ என்ற சொல்லைப் பற்றி ஐயமே இல்லை. இன்று அச்சொல் இழிவுபடுத்தவே பயன்படுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறிவிட்டது. அது 450இல் வழிகாட்டியாக இருக்கலாம். 650இல் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமைக்கு நூறாண்டு வரலாறு உண்டு: எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. ‘ஆதி திராவிடர்’ என்ற சொல்லோடு வெளிவந்த இதழ்களும் மாநாட்டு உரைகளும் ஏராளம். உள்ளூர்ப் பட்டியல்களில் அச்சொல்லையும் இணைப்புச் சொல்லாகச் சேர்க்காவிட்டால் 1920களின் இயக்கம் மாணவர் கண்ணுக்குத் தட்டுப்படாது.

பெயர் சொல்வதிலும் எல்லை உண்டு

படைப்பாளரின் சமூகப் பின்னணியைக் குறிக்க மார்க் 21இல் 386 என்ற புலம் இருக்கிறது. தலித் எழுத்தாளர்களின் நூல்களை ஒருசேரக் காண விரும்பும் வாசகருக்கு இது பயன்படும். எனினும் நாம் இதில் எச்சரிக்கையோடு இருக்கவே பரிந்துரைக்கிறோம். எல்லா எழுத்தாளரும் தம் சாதியை வெளிப்படுத்தி எழுதுவதில்லை. வாடகை வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எனப் பலவற்றை முன்னிட்டு மௌனம் காப்பவர்கள் உண்டு. பட்டியலாளர் ஊகத்தால் எழுதும் ஒரு சொல், இயந்திரம் படிக்கத்தக்க வடிவில், உலகெங்கும் நகலாகிவிடும். திரும்பப் பெற இயலாது. ஆசிரியர்களின் பாலினத்தைச் சான்றுப் பதிவுகளில் குறிப்பதை நிறுத்துமாறு அமெரிக்கக் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டத்தின் பணிக்குழு 2022இல் பரிந்துரைத்ததும் இதுபோன்ற அச்சத்தால்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறிய புட்டசாமி தீர்ப்பின் வெளிச்சத்தில், ஆசிரியர் தாமே நூலிலோ பொதுவெளியிலோ அறிவித்திருந்தாலன்றி அப்புலத்தைத் தொடாமல் விடுவதே முறை.

உடனடியாகச் செய்யத்தக்கவை

650ஆம் புலத்தில் சொல் எந்தத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடு ஒன்று உண்டு. காங்கிரஸ் நூலகத் தொகுப்பு என்றால் 0. வேறு தொகுப்பு என்றால் 7 எனக் குறித்து, அதன் பெயரைத் துணைப்புலத்தில் எழுதலாம். பாலின, பாலியல் சிறுபான்மையினர் தமக்கென உருவாக்கிய ‘ஹோமோசாரஸ்’ என்ற சொற்தொகுப்பு இந்த வாசல் வழியாகத்தான் உலக நூலகங்களின் பட்டியல்களுக்குள் நுழைந்தது. கனடாவில் மோஹாக் இனத்தவரான நூலகர் பிரையன் டீர் 1970களில் பூர்வகுடிகளின் பார்வையிலிருந்து ஒரு பகுப்பு முறையையே வகுத்தார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி நூலகம் அதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. தமிழிலும் மராத்தியிலும் உள்ள தலித் ஆய்வாளர்கள், நூலகவியல் மாணவர்களோடு அமர்ந்து இத்தகைய சொற்தொகுப்பை உருவாக்கத் தடையேதும் இல்லை. அதுவரை, கட்டுப்பாடற்ற சொற்களுக்கென உள்ள 653ஆம் புலத்தில் எந்த நூலகரும் இன்றே ‘தலித் பெண்ணியம்’, ‘பஞ்சமி நிலம்’, ‘சாதி ஆணவக் கொலை’ என்று தமிழிலேயே எழுதலாம். எவருடைய அனுமதியும் தேவையில்லை.

பதிவே இல்லாத நூலுக்கு இவை எதுவும் உதவா. நம் சிறுபதிப்பகங்களின் வெளியீடுகள் பல ஐஎஸ்பிஎன் இன்றி வருகின்றன. இந்தியாவில் அந்த எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியான 30 நாள்களுக்குள் ஒரு படி கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். தவறினால் சட்டம் விதித்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாயும் நூலின் விலையும் மட்டுமே என்பதால் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தப் படி போய்ச் சேர்ந்தால்தான் நூலுக்கு நிலையான பதிவு உருவாகும். துண்டறிக்கையாக வந்த உண்மையறியும் குழு அறிக்கைகளுக்கும் இது பொருந்தும். பத்தாண்டு கழித்து மேல்முறையீட்டில் அவற்றைத் தேடி அலைவது நாம்தான்.

காங்கிரஸ் நூலகம் முன்மொழியப்பட்ட தலைப்புகளை இறுதி செய்வதற்கு முன் பொதுப்பார்வைக்கு வெளியிடுகிறது, கருத்துகளையும் பெறுகிறது. அரசு நூலகமாயின், எந்தச் சொற்தொகுப்பு பின்பற்றப்படுகிறது, சான்றுப் பதிவுகள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தனியார் கல்லூரியாயின் நூலகரிடம் நேரில் போய்ப் பேசுவதே சிறந்தது. பெரும்பாலும் அவர் நமக்கு எதிரி அல்லர். கேட்பார் இல்லாமல் தனியே உழைப்பவர். கோஹா போன்ற மென்பொருளில் பட்டியல் திரையிலேயே மார்க் பதிவைத் திறந்து பார்க்கும் வசதி உண்டு. அதில் 040 என்ற புலத்தைத் தேடுங்கள். பதிவை முதலில் எழுதிய நூலகமும் பின்னர் திருத்திய நூலகமும் அங்கே குறியீடாக இருக்கும். நாம் எழுத வேண்டிய கடிதத்தின் முகவரி அதுவே.